வாழ்த்துகள் என்று தொடங்கும் கடிதம்

சென்ற டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஒருநாள் இரவு, சித்தப்பா மகள் குளித்தலையிலிருந்து அழைத்தாள். ஆஸ்திரேலியாவில் நான் இருக்கும் பெர்த்தில் மணி பதினொன்றரை; அங்கே ஒன்பது. "அக்கா, கிடைத்துவிட்டது" என்றாள். பின்னால் சித்தப்பா இன்னொரு தொலைபேசியில் யாரிடமோ "ஆமாம், ஆஸ்திரேலியா" என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். முனைவர் பட்டச் சேர்க்கைக் கடிதம். அதை அனுப்பச் சொன்னேன். ஒன்பது பக்கம். முதல் பக்கம் "வாழ்த்துகள்" என்று தொடங்கியது. நான் அதைப் படிக்கவில்லை. நேராக மூன்றாம் பக்கத்துக்குப் போனேன். அங்கே ஒரு கட்டம். கல்விக் கட்டணம் என்ற வரிக்கு நேரே, ஓர் ஆண்டுக்கு, நாற்பதாயிரத்தைத் தாண்டிய டாலர் தொகை. உதவித்தொகை என்ற சொல்லை ஒன்பது பக்கத்திலும் தேடினேன். ஓரிடத்தில் இருந்தது: இந்தச் சேர்க்கையில் உதவித்தொகை அடங்கவில்லை.

"படித்தாயா அக்கா?" என்றாள். "படித்தேன். ரொம்ப நேரமாகிவிட்டது, நாளைக்குப் பேசலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த ஒரு இரவை அவளுக்குக் கொடுத்தேனா, இல்லை எனக்கு வாங்கிக்கொண்டேனா என்று இன்றுவரை தெரியவில்லை. அந்தக் கடிதத்தின் அமைப்பை நான் மனப்பாடமாக அறிவேன். 2017-ல் அதேபோன்ற ஒன்று, வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு வந்தது. அன்று எங்கள் வீட்டில் ஜாங்கிரி வாங்கினார்கள்.

ஒரு பேராசிரியரின் "சரி"

எங்கள் நிலம் திருச்சிக்கு அருகே மணிகண்டம் பக்கம், மூன்று ஏக்கர், அதில் பாதி களர், சோடியம் ஏறிக் கெட்ட மண். மழை பெய்தால் மேலே நீர் நிற்கும், காய்ந்தால் மண் ஓடுபோல இறுகும். அப்பா தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவார், ஜிப்சம் போடுவார், இரண்டு போகம் தேறும், மறுபடி பழைய கதை. நான் மண்ணியலில் எம்.எஸ்சி. சேர்ந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. படித்து முடித்து, ஓர் ஆய்வுத் திட்டத்தில் தற்காலிக வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பு ஆணைக்காகக் காத்திருக்கும் வேலை. ஆஸ்திரேலியாவை நான் தேர்ந்தெடுத்ததும் மண்ணை வைத்துத்தான். மேற்கு ஆஸ்திரேலியாவில் காட்டை அழித்துக் கோதுமை போட்டார்கள். ஆழ வேர்விட்ட மரங்கள் போனதும் நிலத்தடி நீர் மேலேறி உப்பைக் கொண்டுவந்தது. இதை 1924-லேயே வுட் என்ற ஒரு ரயில்வே பொறியாளர் எழுதிவைத்திருக்கிறார். மண் நோய்க்கு நூறாண்டு மருத்துவக் குறிப்பு வைத்திருக்கும் ஊர் என்று எனக்குத் தோன்றியது.

2017 ஜூலையில், அங்கே வேறொரு நகரத்தில் இருந்த ஒரு பேராசிரியர் என் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதினார். என் விண்ணப்பத்தை மகிழ்ச்சியோடு ஆதரிப்பதாகச் சொன்னார். நான் அதைத் துறையில் எல்லோரிடமும் காட்டினேன். இதில் என்னைக் குறை சொல்லவும் முடியாது. நம் பல்கலைக்கழகங்களில் நெறியாளர் ஏற்றுக்கொண்டுவிட்டால் முக்கால்வாசி முடிந்த மாதிரி. அவர் தலையசைத்தால் மற்றவை காகித வேலை. அந்தக் கண்ணோடுதான் "ஆதரிக்கிறேன்" என்ற சொல்லைப் படித்தேன்.

அவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் கொடுக்கப் பணம் இல்லை, அவ்வளவுதான். அவர் சம்மதம் இல்லாமல் விண்ணப்பம் நகராது. அவர் சம்மதித்ததால் மட்டும் பணம் வராது. பணத்தைத் தீர்மானிப்பது ஒரு குழு. அது விண்ணப்பதாரர்களுக்கெல்லாம் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துகிறது. பல இடங்களில் மருத்துவம், இசை, மண் எல்லாம் ஒரே வரிசை. அந்தப் பணத்தின் பெரும்பகுதி ஆஸ்திரேலிய மத்திய அரசின் ஆய்வுப் பயிற்சித் திட்டத்திலிருந்து வருகிறது. ஆர்.டி.பி. என்று எல்லோரும் சொல்லும் அந்தத் திட்டம் 2017-ல்தான் தொடங்கியது. அதற்கு முன் உள்நாட்டவருக்கு ஒன்று, வெளிநாட்டவருக்கு ஒன்று என்று தனித்தனி உதவித்தொகைகள் இருந்தன. ஒரு பல்கலைக்கழகம் தனக்குக் கிடைக்கும் ஆர்.டி.பி. நிதியில் 10 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டு மாணவர்களுக்குச் செலவிடக் கூடாது என்பது விதி. அந்தப் பத்துக்குள்தான் சீனா, ஈரான், வங்கதேசம், பிரேசில், மணிகண்டம் எல்லாம். பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்தப் பணத்திலும் சில உதவித்தொகைகளைச் சேர்க்கின்றன. அப்படியும் வாசல் குறுகல்தான். இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் ஜூலையிலேயே வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

மதிப்பெண் போடும் விதமும் எனக்குத் தெரியவில்லை. படிவத்தில் "முதல் வகுப்பு" என்று பெருமையோடு எழுதினேன். நம்மூரில் 60 வாங்கினால் முதல் வகுப்பு. அங்கே அந்தச் சொல் நான்காம் ஆண்டு ஹானர்ஸ் பட்டத்தைச் சேர்ந்தது. பெரும்பாலும் 80-க்கு மேல் வாங்கியவர்களுக்குத்தான் அந்தப் பெயர். ஒரே சொல், இரண்டு உயரம். அவர்கள் என் சொல்லைப் பார்க்கவில்லை, மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார்கள். இரண்டு கட்டுரைகள் வெளியிட்டிருந்தேன். அதில் ஒன்று பணம் கட்டினால் பத்து நாளில் போடும் இதழில் வந்தது. பட்டியல் நீளமாக இருக்கட்டும் என்று துறையில் ஒரு அண்ணன் சொன்ன யோசனை. இப்போது விண்ணப்பத் தேர்வு வேலையின் ஓரத்தில் நின்று பார்த்த பிறகு சொல்கிறேன்: அந்த ஒரு வரி, பக்கத்தில் இருக்கும் நல்ல கட்டுரையின் மேலும் சேற்றைத் தெளிக்கும். இல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்னொரு கூத்தையும் சொல்லியாக வேண்டும். பரிந்துரை தருபவர்களின் முகவரி அலுவல் முறை மின்னஞ்சலாக இருக்க வேண்டும் என்று அந்த இணையதளம் பிடிவாதம் பிடித்தது. என் நெறியாளர் இருபது ஆண்டுகளாக ஜிமெயிலில் வாழ்ந்தவர். அலுவல் முகவரி ஒன்று அவருக்கு உண்டு என்பதே அன்றுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. கடவுச்சொல் யாரிடம்? கணினி மையத்தில் கேட்டோம். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மகப்பேறு விடுப்பில் போயிருந்தார். கெடு முடிய இரண்டு நாள் இருந்தபோது, துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கி, கணினி மையத்தில் கொடுத்து, புதிய கடவுச்சொல் வாங்கி, அவர் அறையில் அவர் பக்கத்தில் நின்று, "அம்மா, இந்தக் கட்டத்தில் என்ன போட?" என்று அவர் கேட்கக் கேட்க, நான் சன்னலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "இவர் நீங்கள் பார்த்த மாணவர்களில் முதல் எத்தனை சதவீதத்தில் இருப்பார்?" என்று அதில் ஒரு கேள்வி. "முதல் பத்து போடட்டுமா, ஐந்து போடட்டுமா?" என்றார். ஐந்து என்று சொல்லக் கூச்சப்பட்டு, உங்கள் விருப்பம் சார் என்றேன். அவர் பத்து போட்டார். அந்தக் கூச்சத்துக்கு எத்தனை மதிப்பெண் போனதோ.

ஜாங்கிரி

கடிதம் வந்த நாள் சனிக்கிழமை. முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு நானே அம்மாவைக் கட்டிக்கொண்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அப்பா மணிகண்டம் போய் ஜாங்கிரி வாங்கி வந்தார். பெரியப்பா வந்தார். தம்பி பேனர் வைக்கலாமா என்று கேட்டான். நல்லவேளை, அம்மா வேண்டாம் என்றாள். பெரியப்பாதான் கடிதத்தை உரக்கப் படிக்கச் சொன்னார். தமிழில் சொல்லிக்கொண்டே மூன்றாம் பக்கம் வந்தபோது என் குரல் நின்றுவிட்டது. "மேலே படி" என்றார் பெரியப்பா. படித்தேன். ஓர் ஆண்டுக் கட்டணத்தைத் தம்பி கைப்பேசியில் ரூபாயாக்கினான். ஏறத்தாழ இருபது லட்சம். மூன்றரை ஆண்டு. சாப்பாடும் வாடகையும் தனி.

யாரும் பேசவில்லை. பிறகு அப்பா, "சீட் கிடைத்துவிட்டது அல்லவா? பணம்தானே?" என்றார்.

திங்கட்கிழமை அவர் என்னைத் திருச்சியில் ஒரு வெளிநாட்டுக் கல்வி முகவரிடம் அழைத்துப்போனார். குளிரூட்டிய அறை, சுவரில் சிட்னி பாலம். முகவர் கடிதத்தைப் புரட்டிவிட்டு, "அருமையான இடம் சார். முதலில் போய்ச் சேரட்டும். உதவித்தொகையை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார். சேர்ந்த பிறகும் அடுத்த சுற்றில் விண்ணப்பிக்கலாம் என்பது பல இடங்களில் உண்மைதான். அதே வரிசை, அதே மதிப்பெண், அதே பத்து சதவீதம் என்பதை அவர் சொல்லவில்லை. கட்டணம் கட்டும் மாணவரைச் சேர்த்தால் அவருக்குத் தரகு உண்டு. உதவித்தொகையோடு போகிறவரால் அவருக்கு என்ன வரும்?

பஸ்ஸில் திரும்பும்போது அப்பா கணக்குச் சொன்னார். சாலையோரம் இருக்கும் ஒன்றரை ஏக்கரைக் கேட்டு ஏற்கெனவே ஒருவர் வந்திருக்கிறார். மதுரை நெடுஞ்சாலையை ஒட்டி மனை விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். மனை போடுகிறவருக்கு மண்ணின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, எத்தனை என்பது ஒரு பொருட்டே இல்லை. அந்த ஒன்றரை ஏக்கர்தான் களர். எந்த மண்ணின் நோயைத் தீர்க்கப் படிக்கப் போகிறேனோ, அந்த மண்ணை விற்றுத்தான் போக வேண்டும். நான் சிரித்துவிட்டேன். அப்பாவுக்கு ஏன் என்று புரியவில்லை, நானும் விளக்கவில்லை.

அன்று இரவு அந்தப் பேராசிரியருக்கு எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. வருந்துவதாகவும், இந்தச் சுற்றில் போட்டி மிகக் கடுமை என்றும், வேறு நிதி எதையாவது நான் தேடிக்கொண்டால் மகிழ்ச்சியோடு வரவேற்பதாகவும் எழுதியிருந்தார். கனிவான கடிதம். கனிவு பற்றி எனக்குப் புகார் இல்லை. அன்றுதான் ஒன்று உறைத்தது. நம் ஊரில் சீட்தான் கடினம். மருத்துவமானாலும் வேளாண்மையானாலும் ஒரு இடத்துக்காகத் தலைமுறையே தவம் கிடக்கிறது. இடம் கிடைத்துவிட்டால் பணத்தை எப்படியாவது புரட்டிவிடுவோம், நகையோ நிலமோ. அதனால் "அட்மிஷன்" என்ற சொல் காதில் விழுந்ததும் ஜாங்கிரி வாங்கப் போய்விடுகிறோம். அங்கே இது தலைகீழ். முனைவர் பட்ட இடம், தகுதியும் ஒரு நெறியாளரும் இருந்தால் அரும்பொருள் இல்லை. உண்மையான தேர்வு பணத்தில்தான் நடக்கிறது. உதவித்தொகை வராத சேர்க்கைக் கடிதம் என்பது, நாகரிகமான மொழியில், வரிசையில் நீ கீழே இருக்கிறாய் என்று சொல்லும் கடிதம். "வாழ்த்துகள்" என்று அது தொடங்குவதால் அப்படிப் படிக்க நமக்குத் தெரிவதில்லை.

கெடு தாண்டட்டும் என்று விட்டுவிட்டேன். அப்பாவிடம் சொன்னபோது, "பயந்துவிட்டாய்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பொங்கல் வரை அவர் என்னிடம் வயல் பேச்சைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

இரண்டு பூட்டு

அடுத்த கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். நன்றாக முடிந்த கதைகளில் சொல்ல அதிகம் இருப்பதில்லை. ஆஸ்திரேலிய ஆய்வுக் கவுன்சில், ஏ.ஆர்.சி., யாருடைய எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு நிதி என்று பட்டியலை வெளியிடும். பொதுவாக ஆண்டின் கடைசி மாதங்களில். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பத்திச் சுருக்கம் இருக்கும். யார் கையில் இப்போது பணம் வந்திருக்கிறது என்பதை உலகமே பார்க்கலாம். அப்படி நிதி பெற்ற திட்டங்கள் சிலவற்றில் முனைவர் பட்ட மாணவருக்கான உதவித்தொகையும் சேர்ந்திருக்கும். அது அந்த ஆய்வாளரின் தேர்வு. பெரிய வரிசையில் நிற்க வேண்டியதில்லை, கெடு தேதியும் வேறு. ஆனால் அது மாதச் செலவுக்கான பூட்டை மட்டுமே திறக்கும். கல்விக் கட்டணம் இன்னொரு பூட்டு. அதைப் பல்கலைக்கழகம் விலக்கித் தர வேண்டும். இரண்டுக்கும் சாவி இருக்கிறதா என்று கேட்காமல் மகிழ்ச்சி அடையக் கூடாது என்பதை நான் இருபது லட்சம் கொடுக்காமலே கற்றுக்கொண்டேன்.

பட்டியலில் எங்கள் களரோடு தொடர்புள்ள ஒரு திட்டத்தைக் கண்டேன், பெர்த்தில். டிசம்பர் கடைசியில் எழுதினேன், அது மடத்தனம். கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி முடியும்வரை அங்கே கோடை விடுமுறை, கடற்கரையில் இருக்கிறவர்களுக்கு எழுதிப் பயனில்லை. பிப்ரவரியில் மறுபடி எழுதினேன். முதல் மின்னஞ்சலில் என் பட்டங்களை அடுக்கியிருந்தேன். இரண்டாவதில் ஒரு சங்கடத்தை எழுதினேன். என் எம்.எஸ்சி. ஆய்வில் ஒரு பாத்தித் தொகுதியில் ஜிப்சம் வேலையே செய்யவில்லை. கட்டுரையில் அதைச் சேர்க்க வேண்டாம் என்று முடிவாகி, விட்டுவிட்டோம். ஆழ்துளைக் கிணற்று நீரில் பைகார்பனேட் அதிகம்; ஜிப்சம் கொடுத்த கால்சியத்தை அது சுண்ணாம்பாக்கிப் படியவைத்து, சோடியத்துக்கு மறுபடி இடம் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். உங்கள் திட்டத்தில் பாசன நீர் இல்லை, மழைதான். அப்படியானால் இந்தச் சிக்கல் அங்கே எழாதா என்று கேட்டேன். பன்னிரண்டு வரி. ஏப்ரலில் பதில் வந்தது. விடுபட்ட அந்தத் தொகுதியின் எண்களை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்.

பிறகு காணொளியில் இரண்டு உரையாடல்கள், ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, விசா. ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வை யாரும் கேட்கவில்லை. 2019 பிப்ரவரியில் வந்து இறங்கினேன். அந்த ஆண்டின் அடிப்படை உதவித்தொகை 27,596 டாலர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆயிரத்துச் சொச்சம், வரி இல்லை. 2025-ல் அது 33,511. கேட்கப் பெரிதாக இருக்கும். முழுநேரம் உழைப்பவருக்கு அங்கே சட்டம் விதித்த குறைந்தபட்ச ஊதியத்தைவிட அது குறைவு. பகிர்ந்த வீட்டில் ஓர் அறை, அரிசி, பருப்பு, ரயில் அட்டை என்று ஓட்டலாம். ஊருக்குப் பணம் அனுப்புவேன் என்று கிளம்புகிறவர்கள் முதல் ஆண்டு அனுப்ப மாட்டார்கள்.

சித்தப்பாவின் கேள்வி

அந்த டிசம்பர் இரவுக்கு அடுத்த நாள் காலை, அவளிடம் சொல்வதற்கு முன் சித்தப்பாவிடமே பேசிவிட நினைத்தேன். அவர் முந்திக்கொண்டார். குளித்தலையில் வீட்டை வைத்து வங்கியில் கேட்டிருக்கிறாராம். விசாவுக்கே 2,000 டாலராமே என்றார். நான் மேலே எழுதியதையெல்லாம், இதைவிட மோசமான வரிசையில், அவரிடம் சொன்னேன். பத்து சதவீதம், வரிசை, இரண்டு பூட்டு. பொறுமையாகக் கேட்டார்.

"சரி அம்மா. நீ அன்றைக்கு வேண்டாம் என்றாய். அடுத்த ஆண்டே உனக்குக் கிடைத்தது. அதனால் நீ செய்தது சரி என்று ஆகிவிட்டது. கிடைக்காமல் போயிருந்தால்? அப்போதும் உன் அப்பாவிடம் நீ செய்தது சரி என்று சொல்லியிருப்பாயா? இவளுக்கு இரண்டாவது வரும் என்று எழுதித் தருவாயா?"

என்னால் எழுதித் தர முடியாது. அந்தப் பட்டியலில் எங்கள் களர் இருந்தது அதிர்ஷ்டம். பதில் எழுதியவர் எழுதும் மனநிலையில் இருந்தது அதிர்ஷ்டம். என்னோடு சேர்ந்து அந்த ஆண்டு விண்ணப்பித்த தோழி என்னைவிட நல்ல மதிப்பெண் வாங்கியவள். நான்கு முறை முயன்று விட்டுவிட்டாள், இப்போது நாமக்கல்லில் பள்ளி ஆசிரியை. அவள் கதையை யாரும் எழுதச் சொல்லிக் கேட்பதில்லை. என் பெர்த் நெறியாளரின் மின்னஞ்சல் பெட்டியை ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி, வேறொரு பேராசிரியரின் பெயரை மாற்ற மறந்த கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக. அவர் கோபப்படவில்லை, பெயரைப் படித்து, அழித்து, அடுத்ததற்குப் போனார். ஒவ்வொரு பெயரும் எனக்குத் தெரிந்த ஊரின் பெயர் போலவே இருந்தது. ஐந்நூறு பேருக்கு அனுப்பு, ஒருவராவது பதில் தருவார் என்று காணொளியில் சொல்லித் தருகிறவர்கள் இந்த அறைக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

சித்தப்பாவிடம், "தர முடியாது" என்றேன். "ஆனால் வீட்டை வைக்காதீர்கள்." அவர் தொலைபேசியை மகளிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நேற்றே மூன்றாம் பக்கத்தைப் பார்த்துவிட்டாளாம். அப்பா சந்தோஷமாக இருந்தாரே, அதனால் நீயே சொல்லட்டும் என்று அழைத்தேன் என்றாள்.

பொங்கலுக்கு அழைத்தபோது சித்தப்பா என் கணவரிடம் மட்டும் பேசினார். வங்கிக்குப் போனாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போன வாரம் அவளிடமிருந்து ஒரு கோப்பு வந்தது. அவள் நுண்ணுயிரியல், பயறு வேர்முடிச்சுகள். பட்டியலிலிருந்து மூன்று பெயர்களை எடுத்து, ஒவ்வொருவரின் திட்டச் சுருக்கத்துக்கும் கீழே தன் கேள்வியைத் தமிழில் எழுதியிருந்தாள். ஆங்கிலத்தில் பிறகு மாற்றிக்கொள்ளலாம், முதலில் கேள்வி சரியா பார் என்றாள். முதலாவது கேள்வி எனக்குப் புரியவில்லை. மூன்றாவது, அவர்களே கட்டுரையில் பதில் சொல்லிவிட்ட ஒன்று. இரண்டாவது பெயருக்கு எதிரே, கேள்விக்கும் கீழே, சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: இவர் பிப்ரவரி 9-ஆம் தேதிதான் விடுப்பு முடிந்து திரும்புகிறார், அதுவரை அனுப்பவில்லை.